கொடுப்பவர் யார்? கொள்பவர் யார்?

நம் அறநூல்கள் எண்ணும் பத்துப் பாரமிதைகளுள் முதலில் நிற்பது தானம். அது பொருளின் அளவால் அன்று, கொடுப்பவரின் சேதனையால், அதாவது உள்ளக் கருத்தால் மதிக்கப்படும் என்பது தன்மத்தின் துணிபு. இத்துணிபை ஆராயுமாறு நம் சங்கத்து இளைஞர் ஒருவரின் ஐயம் நம்மைத் தூண்டுகிறது.

சமூகப் பணியில் முதுகலை பயிலும் அவர், களப்பயிற்சிக்காக வங்காள தேசத்துக் காக்ஸ் பஜார் அகதி முகாமுக்குச் சென்று வந்தார். 2017 ஆகஸ்டு முதல் மியன்மாவிலிருந்து துரத்தப்பட்ட ஏழு இலட்சத்திற்கு மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் அடைக்கலம் புகுந்த இடம் அது. அவர்களுள் ஏறக்குறையப் பாதிப் பேர் சிறார். ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளின் மேற்கையை நாடாவால் அளந்து குறிப்பது அவருக்கிட்ட பணி. சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் நாடா சிவப்பைக் காட்டும்; அக்குழந்தைக்கு நிலக்கடலைப் பசையாலான மருத்துவ உணவு வழங்கப்படும்.

"மூன்று திங்களில் நான் சான்றிதழுடன் திரும்பிவிட்டேன், குழந்தைகளோ அங்கேயே இருக்கின்றனர். நான் கொடுத்தேனா, எடுத்துக்கொண்டேனா?" என்று அவர் வினவினார். மேலும் ஒன்று கூறினார்: "மொழிபெயர்ப்பாளர் வாயிலாக ஒரு தாய் என் சமயம் யாதெனக் கேட்டாள். பௌத்தம் என்றேன். அவள் சற்று நேரம் பேசவில்லை. பின்னர்க் குழந்தையின் கையை என்னிடம் நீட்டினாள்."

அவளைத் துரத்திய நாடு புத்தரை வணங்கும் நாடு. சீவரம் அணிந்தோர் சிலரே அம்மக்கள்மீது பகை மூட்டிப் பேசினர். இதை மறைப்பது வாய்மையாகாது. அங்ஙனமிருக்க, அத்தாய் அவரை நம்பினாள். பொருட்கொடையினும் அரியது அச்சம் நீக்கும் கொடை. அதனை அன்று கொடுத்தவள் அவளே.

மணிமேகலைக் காப்பியத்து ஆபுத்திரனை நினைமின். சாவகத்துப் பசி தீர்க்கக் கப்பலேறிய அவன் மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டான். அள்ளக் குறையாத அமுதசுரபி கையிலிருந்தும், கொள்வார் இல்லாத இடத்தில் தான் ஒருவனே உண்டு வாழ ஒருப்படாமல், அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டு உண்ணாதிருந்து உயிர் துறந்தான். கொள்வார் இன்றேல் கொடுப்பாரும் இல்லை.

ஆதலின் மாணவர் அங்கே கற்றுக்கொண்டது குற்றமன்று; பெற்றதை மறந்து தம்மைப் புரவலராக எண்ணுதலே குற்றம். எட்ட நிறுத்திக் கஞ்சி ஊற்றப்பட்டவர்களின் வழிவந்த நாம், வயிறு நிறைந்தும் தலை நிமிரவொட்டாத சோறு எத்தகையதென்று அறிவோம். தாயின் இசைவு பெற்றே குழந்தையைத் தொடுக. அதன் துன்பத்தைப் படமெடுத்துத் தம் புகழுக்குக் காட்டாதொழிக. எழுதிய குறிப்புகளை அங்கு நிலைத்துப் பணிபுரிவோரிடம் முறையாக ஒப்படைக்க. கற்ற கல்வியை வாழ்நாள் முழுதும் பிறர்க்காக்கினால் அக்கடன் ஒருவாறு தீரும்.

எல்லா நாட்டுக் குழந்தைகளும் பசியும் அச்சமும் நீங்கி வாழ்க!