டாப் மாடலும் மெய்கண்டாரும்

திருச்சி நெடுஞ்சாலையில் விழுப்புரத்தைத் தாண்டி, அரசூரில் பிரிந்து போனால் திருவெண்ணெய்நல்லூர். 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் வாழ்ந்த ஊர். வெறும் 12 சூத்திரங்கள் கொண்ட அவருடைய சிவஞானபோதம்தான் சைவ சித்தாந்தத்துக்கே அடித்தளம். நெடுந்தூரம் ஓட்ட பைக் வாங்குகிறவர், டாப் மாடலுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா என்று தடுமாறும்போது அந்த நூல் உதவுமா? நிச்சயம் உதவும்.

ராயல் என்ஃபீல்டு 2023 ஜனவரியில் சூப்பர் மீட்டியார் 650-ஐ மூன்று வகைகளில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்றைய ஷோரூம் விலை அஸ்ட்ரல் 3.49 லட்சம், இன்டர்ஸ்டெல்லர் 3.64 லட்சம், செலஸ்டியல் 3.79 லட்சம். மூன்றிலும் அதே 648 சிசி இன்ஜின்தான். நடு வகையில் கண்ணில் படுவது இரட்டை வண்ணம். செலஸ்டியலில் விண்ட்ஷீல்டு, டூரிங் சீட், பின்னால் உட்காருபவருக்கு முதுகுச் சாய்மானம்.

பொருள் மேல் ஆசை வைக்காதே என்று சித்தாந்தம் ஒரே போடாகப் போடுவதில்லை. அதற்கு உலகம் பொய்த்தோற்றம் அல்ல. உடல், கருவி, உலகம், நுகர்பொருள் நான்கையும் தனு, கரண, புவன, போகம் என்பார்கள். ஆணவத்தில் கட்டுண்ட உயிர் மீள்வதற்காக இறைவன் மாயை என்னும் மூலப்பொருளிலிருந்து ஆக்கித் தருபவை இவை. ஆகவே, 'இந்தக் கருவி எதற்கு உதவும்?' என்று கேட்பது அற்பமான கேள்வியல்ல.

மூன்று மணி நேரம் எதிர்காற்று நெஞ்சில் அறைந்துகொண்டே இருந்தால், ஓட்டுகிறவர் தன்னையறியாமல் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்பார். முதலில் முன்கை மரத்துப்போகும், பிறகு கவனம் தளரும். சாய்மானம் இல்லாத பின்சீட்டில் இருப்பவரோ, ஆக்ஸிலரேட்டரை முறுக்கும்போதெல்லாம் பின்னுக்குச் சாய்ந்து, முன்னால் இருப்பவரின் தோளைப் பற்றிக்கொள்வார். விண்ட்ஷீல்டும் சாய்மானமும் உடலுக்குச் செய்கிற உதவி உண்மையானது.

வண்ணமும் போகம்தானே? ஆம். ஆனால், சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு என்கிறது சித்தாந்தம்; பக்கத்தில் வைத்த பொருளின் நிறத்தைப் படிகம் வாங்கிக்கொள்வதுபோல. டாப் மாடலின் மினுமினுப்பைத் தன் பெருமையாக எடுத்துக்கொள்ளும்போது, கருவி ஆணவத்துக்குத் தீனியாகிறது.

மெய்கண்டாரின் அதே திருவெண்ணெய்நல்லூரில்தான் நாயன்மார் சுந்தரரின் அடிமை ஓலை வழக்கு நடந்தது. திருமணப் பந்தலில் முதியவராக வந்து நின்ற சிவன், சுந்தரரின் பாட்டனார் எழுதிக்கொடுத்த ஓலையைக் காட்டி, 'நீ என் ஆள்' என்றார். சபையும் அதை ஏற்றது. அந்த ஓலை சுந்தரரை இறைவனிடம் சேர்த்தது. டாப் மாடலுக்காக நாம் எழுதிக்கொடுக்கும் கடன் பத்திரத்துக்கு அந்த அருள் கிடையாது. தவணை தீரும்வரை ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இருக்கும். 2023 விலைப்படி அஸ்ட்ரலைவிட செலஸ்டியலுக்கு ஆகும் 30,000 ரூபாய் கூடுதலை 10 சதவீத வட்டியில் மூன்றாண்டுக் கடனாக வாங்கினால், திருப்பிக் கட்டுவது சுமார் 34,800.

தனியாகச் சுற்றுகிறவர் அஸ்ட்ரல் எடுத்து, விண்ட்ஷீல்டை மட்டும் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம். மனைவியையோ அம்மாவையோ பின்னால் உட்காரவைத்து, திருக்கோவிலூர் வழியாகத் திருவண்ணாமலைக்கு அடிக்கடி போகிறவர் செலஸ்டியலுக்குத் தயங்காமல் பணம் கட்டலாம். அந்தச் சாய்மானம் அவருக்கானதே அல்ல.