அடுத்த மாதம் யார் பார்ப்பார்கள்?

மருத்துவ முகாமுக்காக வெளிநாடு போய்வந்த நண்பர்களின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும். கிண்டலுக்காக இல்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்கிறேன். கடல் தாண்டி முகாமில் இருக்கும்போது நமக்கு நோயாளியாகத் தெரிகிற ரோஹிங்கியாக்காரர், செலாயாங் சந்தையில் காய்கறிக் கூடை தூக்கும்போது மட்டும் ஏன் ‘பெண்டாத்தாங்’ ஆகிவிடுகிறார்?

2017 ஆகஸ்டில் ராக்கைன் மாநிலத்தில் மியன்மார் ராணுவம் தாக்குதலில் இறங்கியது. 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வங்காளதேசத்துக்கு ஓடினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் மலேசியா காக்ஸ் பஜாரில் ஒரு கள மருத்துவமனையைத் திறந்தது. முகாம்களில் டிப்தீரியா பரவிய நேரம் அது. நம் ஊர் டாக்டர்களும் தாதிகளும் போய் வேலை செய்தார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

இங்கே நிலைமை வேறு. 1951 அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை. நம் குடிநுழைவுச் சட்டம் உயிருக்குப் பயந்து வந்தவரையும் அனுமதியில்லாமல் நுழைந்தவரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. யுஎன்எச்சிஆர் அட்டை இருந்தால் அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதியைக் கட்டினால் போதும். பாதி என்றால் சலுகை மாதிரிதான் கேட்கும். ஆனால் வெளிநோயாளிப் பிரிவில் நாம் கட்டுவது 1 ரிங்கிட். அவர்கள் கட்டுகிற பாதியே அதற்குப் பல மடங்கு. பிரசவம், ஆப்பரேஷன் என்றால் தொகை ஆயிரத்தில் போகும். அட்டையும் இல்லாதவர் வந்தால் குடிநுழைவுத் துறைக்குத் தகவல் சொல்லவேண்டும் என்று 2001இல் ஒரு சுற்றறிக்கை வந்தது. அதனால் வலியைப் பொறுத்துக்கொண்டு வீட்டிலேயே கிடக்கிறார்கள். முற்றிய பிறகுதான் வருகிறார்கள்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் அகதிகளுக்கான ஓர் இலவச கிளினிக்கில் மாதம் ஒருநாள் பெயர் பதிகிறேன். எனக்கு மருத்துவம் தெரியாது. பிரஷர் பார்க்கும் மெஷினைக் கையில் கட்டத் தெரியும், அவ்வளவுதான். அங்கே நான் அதிகம் பார்ப்பது பிரஷரும் இனிப்புநீரும். ஒருமுறை ஓர் அக்கா மாத்திரைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு மலாயில் கேட்டார்: “புலான் டெபான் அடா லாகி?” அடுத்த மாதமும் இருக்குமா என்று. மாத்திரையைக் கேட்டாரா, எங்களைக் கேட்டாரா, தெரியவில்லை. பிரஷர் மாத்திரை விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். நிறுத்தினால் மறுபடி ஏறிவிடும்.

தஸ்தாயெவ்ஸ்கியின் ‘கரமசோவ் சகோதரர்கள்’ நாவலில் ஒரு டாக்டரைப் பற்றிய பேச்சு வரும். மனிதகுலத்தை நேசிக்க நேசிக்க, தனி மனிதர்களை அவரால் சகிக்க முடியாமல் போகிறது. நம் பிரச்சினை அதிலிருந்து கொஞ்சம் மாறுபட்டது என்று நினைக்கிறேன். பக்கத்தில் இருப்பவரை நமக்குப் பிடிக்காமல் இல்லை. ஆனால் அவர் அடுத்த மாதமும் வருவார். அதற்கடுத்த மாதம், “ஏன் இவ்வளவு கட்டணம்?” என்று கேட்பார். தூரத்தில் கொடுப்பதை நாமாக விரும்பிக் கொடுக்கிறோம். பக்கத்தில் இருப்பவருக்கோ நாம் கடமைப்படவேண்டும். நமக்குப் பயம் அங்கேதான்.

“அப்ப அங்க போறவங்க எல்லாம் சும்மா படம் எடுக்கத்தான் போறாங்களா?” என்று ஒரு நண்பன் கோபப்பட்டான். இல்லை. அறுவைச் சிகிச்சை செய்ய ஆளே இல்லாத இடத்தில் ஒரு நிபுணரின் இரண்டு வாரம் ஒருவரின் ஆயுளையே மாற்றும். இன்னொருவன், “நம்ம ஆளுங்களே விடியகாலைலேர்ந்து கியூவுல நிக்கிறாங்க, இதுல இவங்களுமா?” என்றான். அதுவும் நியாயமான கேள்விதான். அவனுக்குச் சுலபமான பதில் ஒன்று உண்டு: காசநோய் யாருடைய ஐசியையும் பார்த்துப் பரவாது, அவர்களைக் கவனிப்பது நமக்கும் பாதுகாப்பு. உண்மைதான். ஆனாலும் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்படிச் சொன்னால் அந்த அக்கா ஒரு கிருமியாக மாறிவிடுகிறார். தொற்றாத நோய் வந்தவரை அப்புறம் என்ன செய்வது?

‘பெண்டாத்தாங்’ நம் மீதும் எறியப்பட்ட சொல். இந்த மண்ணிலேயே பிறந்து, பால்மரம் வெட்டி, சாகும்வரை சிவப்பு ஐசியோடு அலைந்த பாட்டிகள் நம் குடும்பங்களில் இருந்திருக்கிறார்கள். கவுண்டரில் ஐசியின் நிறத்தைப் பார்த்ததும் எதிரில் இருப்பவரின் குரல் எப்படி மாறும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

போகிறவர்கள் போய்வாருங்கள். எத்தனை பேரைப் பார்த்தீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. அவர்களை அடுத்த மாதம் யார் பார்ப்பார்கள் என்றுதான் கேட்பேன். காக்ஸ் பஜாரைப் பற்றிக் கேட்டால் உங்களுக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம், அதில் தப்பில்லை. செலாயாங்கைப் பற்றிக் கேட்டால் அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது. அது நம் வீட்டிலிருந்து அரைமணி நேரம்.