பந்தியும் வயலும்

ஆழ்வார்குறிச்சியில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு சிறு கட்டளை உண்டு. பாட்டனாருடைய தகப்பனார் எழுதி வைத்தது. கடனாநதிப் பாசனத்தில் கொஞ்சம் நன்செய். அதில் வரும் குத்தகை நெல்லைக் கொண்டு பங்குனித் திருவிழாவில் ஒரு நாள் அன்னதானம். அன்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தியில் பரிமாறும்போது எங்கள் முகத்தில் தோன்றும் திருப்தியை நீங்கள் பார்க்க வேண்டும்! சோறு போட்டவனுக்குக் கிடைக்கும் நிறைவு வேறு எதிலும் கிடைப்பதில்லை.

சென்ற பங்குனியில் அந்த நிறைவுக்கு ஒரு குந்தகம் வந்தது.

அந்த வயலை மூன்று தலைமுறையாக உழுது வரும் குடும்பத்துப் பெரியவர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர். அவருடைய பாட்டனார் காலத்தில், ஊரார் சாப்பிட்டு எழுந்த பிறகு எட்ட நின்றுதான் மிச்சத்தை வாங்கிப் போக வேண்டும். இப்போது யாருக்குப் பக்கத்திலும் உட்காரலாம். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்:

“அய்யா, பந்தியில எடம் குடுத்திட்டிய, சந்தோசம். வயல்ல எம் பேரு எங்க இருக்கு?”

எங்கும் இல்லை. குத்தகை வாய்ப்பேச்சாகவே நடந்து வருகிறது. குத்தகை உரிமையைப் பதிவு செய்யவென்றே 1969-இல் தனிச் சட்டம் வந்தது. எங்கள் வீட்டில் அதை அறியாதவர் இல்லை. அறிந்தே பேசாமல் இருந்தோம். பெயர் ஏறாதவருக்குப் பயிர்க் கடன் வாங்குவதும் கஷ்டம், வெள்ளாமை பொய்த்தால் நிவாரணம் பெறுவதும் கஷ்டம். ஆனால் எங்களுக்குச் சேர வேண்டிய நெல் மட்டும் அளந்து வந்துவிடும்.

தர்மத்தைப் பற்றி நாம் கேட்கும் கேள்வியெல்லாம் செலவுப் பக்கத்திலேயே நின்றுவிடுகிறது. இதே தாமிரபரணிச் சீமையில், 1922-இல் வ. வே. சு. ஐயர் தொடங்கிய குருகுலம் சேரன்மாதேவியில் நடந்தது. பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனிப் பந்தி என்ற செய்தி வெளிவந்ததும் நாடே கொந்தளித்தது. பத்தாயிரம் ரூபாய் தருவதாகச் சொன்ன காங்கிரஸ், ஐயாயிரத்தோடு நிறுத்திக்கொண்டது. 1925-இல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அவ்வாண்டு ஜூன் மாதமே, பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் உயிரிழந்தார். பலர் கொடுத்த பணத்தில் நடக்கும் பந்தியில் பேதம் கூடாது என்ற பாடத்தை அந்தப் பூசல் கற்பித்தது. பந்திக்குக் கற்ற அந்தப் பாடத்தை வயலுக்கு நாம் கொண்டுபோகவில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய குற்றமன்று. இங்கிலாந்தில் ஏழைப் பாதிரிமார்களின் ஜீவனத்துக்காக 1704-இல் ஆன் ராணியின் பெயரால் ஒரு நிதி ஏற்பட்டது. நல்ல காரியந்தான். ஆனால் அந்தப் பணத்தை ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாகக் கப்பலேற்றிய தென்கடல் கம்பெனியில் போட்டு வைத்தார்கள். அந்த நிதியின் வாரிசாக இன்றுள்ள திருச்சபை ஆணையம், 2023-இல் இதை ஒப்புக்கொண்டு, பரிகாரமாகப் பத்துக் கோடிப் பவுன் ஒதுக்குவதாக அறிவித்தது. அடிமைப்பட்டவர்கள் போனவர்கள் போனவர்களே. என்றாலும், முதல் எங்கே கிடந்தது என்று புரட்டிப் பார்க்கும் தைரியம் அவர்களுக்கு வந்தது.

இதை என் அண்ணனிடம் சொன்னேன். அவர் கெட்டவர் அல்லர். கணக்கில் ஒரு படி நெல் தவறினாலும் தூங்க மாட்டார். “தம்பி, இது நம்ம சொத்து இல்ல, அன்னதானத்தோட சொத்து. ஊரான் சொத்துல தாராளம் காட்ட நமக்கு என்ன பாத்தியதை இருக்கு?” என்றார்.

லேசில் தள்ளிவிடக் கூடிய வாதம் அன்று அது. தர்மகர்த்தா என்பவன் காவல்காரன். பிறர் முதலை வாரி வழங்க அவனுக்கு உரிமை கிடையாது. ஆனால் ஒருவருக்கு உரியதை எழுதிக் கொடுப்பது தாராளமா? எழுதாமல் வைத்திருந்ததல்லவா எடுத்துக்கொண்டது! மூன்று தலைமுறையாக அவர்களுடைய உழைப்பை அவர்களுக்கே பிச்சையாகப் போட்டுவிட்டுப் புண்ணியத்தை எங்கள் பெயரில் எழுதிக்கொண்டோம். அன்னதானத்துக்குக் காவல் நிற்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, அந்த அன்னம் விளைகிற இடத்திலேயே அநியாயத்துக்குக் காவல் நின்றிருக்கிறோம்.

பதிவு செய்தால் நிலம் கையை விட்டு நழுவும், வருமானம் குறையும் என்று அண்ணன் பயப்படுகிறார். குறையலாம். நூறு இலை விழும் இடத்தில் ஐம்பது இலை விழலாம். அந்த ஐம்பது இலைச் சோறு யாருக்கும் கடன்படாத சோறாக இருக்கும்.

அண்ணன் இன்னும் சம்மதிக்கவில்லை. அவர் கையெழுத்து இல்லாமல் காரியம் நடவாது. அடுத்த பங்குனி வருகிறது. பெரியவர் வருவார், இலையில் உட்காருவார். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவருக்குச் சோறு பரிமாற என் கை எழுமா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.