கட்டுண்ட கையும் கைங்கர்யமும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

கைங்கர்யம் என்ற சொல்லைக் கேட்டவுடன் தமிழ்ச் செவிக்குக் கையின் நினைவு வருவது இயல்பே. திருமாலை கட்டுவதும், திருவிளக்கு ஏற்றுவதும், தளிகை செய்வதும், திருவாலவட்டம் வீசுவதும் கையால் நடப்பவை அல்லவா? ஆனால் அச்சொல் கையிலிருந்து பிறந்ததன்று. 'என்ன செய்யட்டும்?' என்று ஸ்வாமியின் முன் கேட்டு நிற்பவன் வடமொழியில் கிங்கரன் எனப்படுகிறான். அவனுடைய செயலே கைங்கர்யம். ஒரு வினாவிலிருந்து பிறந்த சொல் அது. உபந்யாஸங்களில் இதைப் பலமுறை கேட்டிருக்கிறோம். கேட்டதன் பொருள் நெஞ்சில் பட்டதோ, வலக்கை கட்டுண்டு கிடந்த சில மாதங்களில்தான். அவ்வநுபவத்தை அடியார்கள் முன் விண்ணப்பிக்கவே இதனை எழுதுகிறோம்.

அன்று த்வாதசி. முதல்நாள் உபவாஸமும் இரவுக் கண்விழிப்பும் முடிந்து, பாரணைக்குரிய நேரம் தவறலாகாதே என்ற பதற்றத்தோடு விடியுமுன்பே தளிகையில் முனைந்திருந்தோம். அகத்திக்கீரையை ஆய்ந்து அரிவாள்மணையில் திருத்திக்கொண்டிருக்கையில் அடுப்பில் பால் பொங்கியது. சட்டென்று எழ முயன்றோம். மணையின் பலகை ஒரு பக்கம் தேய்ந்து ஆட்டங்கண்டிருந்தது; தச்சரிடம் கொடுக்க வேண்டும் என்று பல மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தோமேயன்றிக் கொடுக்கவில்லை. மணை சரிந்தது. தடுமாறி ஊன்றிய வலக்கை அலகின் மேல் பதிந்தது.

மாட்டுப்பெண் ஓடிவந்து தூய துணியால் காயத்தை இறுக அழுத்தி, கையை உயர்த்திப் பிடித்தபடியே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள். மருத்துவர் வலியைப் பற்றிக் கேட்கவில்லை. விரல்களை மடக்கச் சொன்னார். கட்டைவிரலும் அதற்கடுத்த இரண்டும் மடங்கின. மோதிரவிரலும் சுண்டுவிரலும் நீண்டபடியே நின்றன. மடங்கு என்று நாம் நினைத்த நினைவு அவ்விரண்டையும் எட்டவேயில்லை. விரலை மடக்கும் தசை முழங்கைக்குக் கீழே இருக்கிறது. அங்கிருந்து கயிறு போன்ற நாண்கள் உள்ளங்கை வழியே ஓடி விரல்களை இழுக்கின்றன. அந்நாண்களும், சுண்டுவிரலுக்கு உணர்வு கொண்டு செல்லும் நரம்பொன்றும் அறுந்திருந்தன. அன்றைக்கே அறுவை சிகிச்சை செய்து தைத்தார்கள். மணிக்கட்டையும் விரல்களையும் சற்று வளைந்த நிலையில் நிறுத்தி, புறங்கைப் பக்கம் கட்டுப்பலகை வைத்து, ஆறு வாரம் இக்கையால் எதையும் பற்றலாகாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

அகத்துக்குத் திரும்பிக் கோயிலாழ்வார் முன் நின்றபோது கைகூப்ப இயலவில்லை. தீர்த்தம் ஏந்த வலக்கை இல்லை. அகத்துக்காரர் உத்தரணியால் வாயிலேயே சேர்ப்பித்தார். சிறு குழந்தைக்குச் செய்வது போல இருந்தது. நாணம் மேலிட்டதேயன்றி நன்றி தோன்றவில்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இத்தகைய வேளையில் நெஞ்சில் முதலில் எழும் கேள்வி, 'பெருமாளுக்குத் தளிகை செய்யும்போதே இப்படி நேரலாமா?' என்பது. பார்க்க வந்தவர்களுள் சிலர், ஏதோ அபசாரத்தின் பலன் என்றார்கள். வேறு சிலர், பெரிய ஆபத்தைக் கையோடு போக்கினான் என்றார்கள். இரண்டையும் ஏற்க நமக்குத் துணிவில்லை. சரணமடைந்தவனுக்கும் இவ்வுடலோடு கழிய வேண்டிய வினைப்பயன் உண்டு என்பது பெரியோர் காட்டிய வழி. ஆயினும் எந்த வினைக்கு எந்தப் பயன் என்ற கணக்கு நம் கையில் கொடுக்கப்படவில்லை. நமக்குத் தெரிந்தது ஆடிய மணையும், பொறுக்காத நம் பதற்றமும்தான். நம் அசட்டையை அவன் திருவுள்ளத்தின் மேல் ஏற்றுவது பக்தியாகாது. சோழனின் கொடுமையால் கண்ணிழந்த கூரத்தாழ்வான், பிற்காலத்தில் பேரருளாளன் திருமுன்பே வரம் கேட்கும் வாய்ப்புப் பெற்றபோது, தமக்குத் தீங்கு நேரக் காரணமாயிருந்த நாலூரானுக்கும் தாம் பெறும் பேறே கிடைக்கவேண்டும் என்று வேண்டியதைக் குருபரம்பரை காட்டுகிறது. ஏன் நேர்ந்தது, யாரால் நேர்ந்தது என்பதில் அவர் திருவுள்ளம் தங்கவில்லை. அந்நிலை நமக்கு எட்டாதது. திரும்ப வேண்டிய திசை எது என்பதையாவது அது காட்டுகிறது.

இரண்டாவது கேள்வி இன்னும் கடினமானது. கை இல்லாதபோது கைங்கர்யம் என்னவாகிறது?

அடுத்த நாளே அதற்கு விடை தேட நேர்ந்தது. நாற்பது ஆண்டுகளாக எம் அகத்துப் பெருமாளுக்குத் தளிகை நம்முடைய கைங்கர்யம். மாட்டுப்பெண் வந்து ஐந்து ஆண்டுகளாகியும் அவளை அடுப்பருகே விட்டதில்லை. அலுவலகம் செல்பவள், ஆசாரம் போதாது, திருத்தும் காய் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருக்கும் என்று காரணங்கள் வைத்திருந்தோம். இப்போது அவளே விடியுமுன் நீராடி, மடியுடுத்தி, உள்ளே சென்றாள். நாம் வாசற்படியில் அமர்ந்து சொல்ல வேண்டும். அவள் செய்ய வேண்டும்.

"சாற்றமுதுக்கு உப்பு எவ்வளவு, அம்மா?" என்று கேட்டாள்.

நமக்குச் சொல்லத் தெரியவில்லை. கண்டருளப் பண்ணுமுன் சுவைத்துப் பார்க்கும் வழக்கம் இல்லையாதலால், இத்தனை ஆண்டுகளும் உப்பை அளந்தது கை. பாத்திரத்தைக் கண்டதும் விரல்கள் தாமே அள்ளும். எவ்வளவு என்று நெஞ்சு அறியாது. கரண்டிக் கணக்காக ஏதோ சொன்னோம். அன்று பெருமாள் அமுது செய்த பின் ப்ரஸாதம் ஸ்வீகரித்தபோது சாற்றமுதில் உப்பு அறவே போதவில்லை. "பெருமாளை உப்பில்லாமல் அமுது செய்யப் பண்ணிவிட்டோம்" என்று வருந்தினோம். வருத்தத்தில் பாதி அவனுக்காக. மறுபாதி, அவள் செய்தால் இப்படித்தான் ஆகும் என்று காட்டுவதற்காக. அவள் தலைகுனிந்து நின்றாள். அகத்துக்காரர் இலையிலிருந்து நிமிராமலே, "திருவிண்ணகரத்தில் தினமும் அப்படித்தானே" என்றார்.

கும்பகோணத்தை அடுத்த திருவிண்ணகரத்தின் வரலாறு அடியார்கள் அறிந்ததே. மார்க்கண்டேய மஹர்ஷி, தம் பெண் மிகச் சிறியவள், உப்பிட்டுச் சமைக்கவும் அறியாதவள் என்று தயங்க, உப்பில்லாவிடினும் அதுவே தனக்கு உவப்பு என்று கூறிப் பெருமாள் அவளைக் கைப்பிடித்தான். இன்றும் அங்குத் தளிகையில் உப்புச் சேர்ப்பதில்லை. அத்தலத்தை எத்தனையோ முறை ஸேவித்திருக்கிறோம். அறியாத சிறுபெண்ணின் சமையலை ஏற்ற குணத்தைப் பாராட்டிக் கண்ணீர் விட்டும் இருக்கிறோம். அதே குணம் எம் அகத்தில் இன்னொரு பெண்ணுக்காக வெளிப்பட இடம் கொடுக்கவில்லை என்பது அன்று பட்டது. தளிகை அவனுடையது என்று வாய் சொல்லிற்று. நம்முடையது என்று கை பற்றியிருந்தது. கை தளர்ந்த பின்னரே அப்பற்று கண்ணில் பட்டது.

கை விடுதல் என்றால் அடியார்களுக்கு த்ரௌபதி நினைவுக்கு வருவாள். சபையில் இரு கைகளையும் விட்டுக் கண்ணனையே சரணமாகப் பற்றியவள் அவள். நம்மை அவளோடு சேர்த்துப் பேசுவது தகாது. அவள் தானே விட்டாள். நம் கையோ விடுவிக்கப்பட்டது. விரும்பி விடுவதற்கும் வேறு வழியின்றி விடுவதற்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம் உண்டு. வேறு வழியின்றி விட்டதையே பிறகு மனமுவந்து விட்டதாக ஆக்கிக்கொள்ளலாம் என்பதொன்றே நம் போன்றவர்க்கு ஆறுதல்.

அதைக் கற்பித்தது நாம் எதிர்பாராத இடம். தைத்த நாண் முதல் சில வாரங்களில் மிக வலுவற்றது. விரல் தன் பலத்தால் மடங்க முயன்றால் தையல் அறுந்துவிடும். அசைக்காமலே வைத்தாலோ, நாண் சுற்றிலுமுள்ள தசையோடு ஒட்டிக்கொண்டு விரல் என்றென்றைக்கும் விறைத்துவிடும். ஆகவே விரல் அசையவும் வேண்டும், தான் அசைக்கவும் கூடாது. மற்றொரு கை அதை மெல்ல மடக்கிவிட வேண்டும். மணிக்கொருமுறை பத்துத் தடவை என்று விதித்தார்கள். பயிற்சியளித்த இளம்பெண் விரலைத் தொட்டாலே, வலிக்கு அஞ்சி அது இறுகிற்று. அவள் சிரித்தபடி, "நீங்க மடக்க வேண்டாம்மா, நான் மடக்குறேன். தடுக்காம மட்டும் இருங்க" என்றாள்.

எம்பெருமான் தானே வந்து ரக்ஷிக்குமிடத்தில் இவ்வாத்மா செய்ய வேண்டுவது விலக்காமை ஒன்றே என்று பூர்வாசார்யர்கள் காட்டியருளுவர். அப்பெண் எந்த க்ரந்தமும் காலக்ஷேபம் கேட்டவள் அல்லள். ஆயினும் அவள் வார்த்தை அதுவாகவே நம் செவியில் விழுந்தது. விலக்காமை எளிது என்று எண்ணியிருந்தோம். ஒன்றும் செய்யாதிருப்பதில் என்ன அருமை? விரல் அறிவித்தது வேறு. தடுக்காதிருக்கக் கற்க அதற்குப் பல நாட்கள் ஆயின. உண்பிக்க வந்த கையை, தலைவாரிவிட வந்த கையை, தளிகை செய்ய வந்த கையைத் தடுக்காதிருக்க நமக்கும் அவ்வளவு நாட்கள் ஆயின.

இது சோம்பலுக்கு இடம் கொடுக்கும் கொள்கை என்று எவரும் கருதலாகாது. மணிக்கொருமுறை பயிற்சி தவறினால் விரல் போய்விடும்; மருந்தும், கட்டும், மருத்துவர் குறித்த நாளும் தவறலாகாது. இராமபிரானோடு கூடவே சென்று அனைத்துத் தொண்டும் செய்தவர் இளையபெருமாள். பரதாழ்வானும் உடன் செல்லவே விரும்பினார். அவன் திருவுள்ளம் வேறாயிருந்தபடியால் திருவடிநிலைகளைப் பெற்று நந்திக்ராமத்தில் 14 ஆண்டுகள் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பும் ஆட்சியும் உழைப்பேயாகும். தாம் விரும்பிய தொண்டைச் செய்யாமல், இடப்பட்ட தொண்டைச் செய்ததே அவரது பெருமை. 'என்ன செய்யட்டும்?' என்று கேட்பவன், வரும் விடை தனக்குப் பிடித்ததாகவே இருக்கவேண்டும் என்று நிபந்தனை போடலாகாது.

அந்நாட்களில் திருவாய்மொழி மூன்றாம் பத்தின் எட்டாம் திருவாய்மொழியை அடிக்கடி அநுஸந்தித்தோம். அங்கே ஆழ்வாருடைய நெஞ்சும் வாக்கும் கையும் கண்ணும் செவியும் தனித்தனியே எம்பெருமானை அநுபவிக்கத் துடிக்கின்றன. தன் தொழிலோடு நில்லாமல் வேறொரு கரணத்தின் தொழிலையும் ஒவ்வொன்றும் ஆசைப்படுகிறது. வாக்கைப் போல ஏத்தக் கை விரும்ப, கையைப் போலத் தொழக் கண் விரும்புகிறது. முன்பு அதைக் காதலின் மிகுதி என்று மட்டும் கொண்டிருந்தோம். கூப்ப இயலாத கையோடு கோயிலாழ்வார் முன் நின்று கண்ணால் தொழுதபோது, ஆழ்வாரின் அவ்வாசை நம்மைப் போன்ற முடவர்க்கும் வழிவிட்டிருப்பது தெரிந்தது.

ஆறு வாரத்தில் கட்டுப்பலகை எடுக்கப்பட்டது. விரல்கள் மெல்லத் தாமே மடங்கத் தொடங்கின. அறுந்த நரம்பு நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் அளவே வளரும் என்றார் மருத்துவர். நான்கு மாதங்களுக்குப் பின்னும் சுண்டுவிரல் உள்ளங்கையைத் தொடவில்லை. இனித் தொடாமலும் போகலாம். கைகூப்பினால் ஒரு விரல் மட்டும் சற்று விலகி நிற்கிறது. அப்படியே ஸேவிக்கிறோம்.

மருத்துவர் அடுப்படிக்குச் செல்லலாம் என்று சொன்ன மறுநாள், விடியுமுன் நீராடி உள்ளே சென்றோம். மாட்டுப்பெண் நமக்கு முன்பே அங்கிருந்தாள். நம்மைக் கண்டதும் கரண்டியை வைத்துவிட்டு, பழையபடி வாசற்படிக்கு ஒதுங்கினாள்.

"இனி நீங்களே பார்த்துப்பேள் இல்லையா, அம்மா?" என்றாள்.

ஆம் என்ற சொல் நாவின் நுனிவரை வந்தது. நாற்பது ஆண்டுப் பழக்கம் நான்கு மாதங்களில் போய்விடுமா? அவளோ இந்த நான்கு மாதங்களில் உப்பின் அளவைத் தன் விரல்களுக்கே கற்பித்திருந்தாள். வினாவிலிருந்து பிறந்த அச்சொல் அப்போது நினைவுக்கு வந்தது. ஸ்வாமியிடம் கேட்க வேண்டிய வினாவை அவன் அடியாரிடம் கேட்பதும் நம் ஸம்ப்ரதாயத்துக்கு ஒத்ததே.

"நான் என்ன செய்யட்டும், சொல்லு" என்றோம்.

அவள் சற்றுத் திகைத்தாள். பிறகு பலகை புதுப்பித்த அரிவாள்மணையை எடுத்து வைத்து, மூலைக்கு மூலை அழுத்தி ஆடவில்லை என்று பார்த்துவிட்டு, ஒரு தட்டு அவரைக்காயை நம் முன் வைத்தாள்.

"இதைத் திருத்திக் கொடுங்கோ. மெதுவாப் போறும்."

காய்களைத் திருத்துவது என்பது நம் அகங்களில் வழங்கும் சொல். அடியவர்களைத் திருத்திப் பணிகொள்பவன் எம்பெருமான் என்பதும் நாம் கேட்டு வளர்ந்ததே. அமர்ந்து திருத்தினோம். விரல் ஒத்துழைக்காமல் துண்டுகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகவே விழுந்தன. அவள் அவற்றைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டாள். அன்று கறியமுது அதுவே.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.