படகில் நின்று சொன்ன பாவசங்கீர்த்தனம்

1873ஆம் ஆண்டு. ஹவாயின் மொலோக்காய் தீவுக்கு அருகே ஒரு நீராவிக் கப்பல் நிற்கிறது. மேல்தளத்தில் இயேசு மரியின் திரு இருதயங்கள் சபையைச் சேர்ந்த மூத்த குரு மொதெஸ்த். கீழே, அலையில் ஆடும் சிறு படகில் அதே சபையின் 33 வயதுக் குரு தமியான். மொதெஸ்த் கரை இறங்கக் கூடாது என்று கப்பல் தலைவர் தடுத்துவிட்டார். தமியானும் மேலே ஏறக் கூடாது. தொழுநோயாளிகளின் நடுவே வாழ்பவர் அவர். இந்த வாய்ப்பை விட்டால் இன்னொரு குருவை எப்போது பார்ப்பார் என்று சொல்ல முடியாது. ஆகவே படகில் நின்றபடியே, மேலே இருப்பவருக்குக் கேட்கும்படி, தன் பாவங்களைப் பிரெஞ்சு மொழியில் உரக்கச் சொன்னார் தமியான். மேலிருந்து மன்னிப்பு வழங்கப்பட்டது. படகு கரைக்குத் திரும்பியது.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டுப் பழகியவர்களுக்கு இது எவ்வளவு கூச்சமான காரியம் என்று தெரியும். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுப்பதே நமக்குப் பெரும்பாடு. அதைக் கப்பல் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க ஒருவர் கத்திச் சொல்கிறார் என்றால், அந்தத் தேவை அவருக்கு எவ்வளவு அவசரமாக இருந்திருக்க வேண்டும்!

இங்கேதான் கேள்வி எழுகிறது. நாடு, வீடு, உடல்நலம் எல்லாவற்றையும் கடவுளுக்கென்று கொடுத்துவிட்டு வந்த மனிதர் அவர். அவரிடம் கழுவுவதற்கு இன்னும் என்ன மீதி இருந்தது?

கிறிஸ்தவ ஆன்மிக நூல்கள் பல நூற்றாண்டுகளாக ஓர் ஏணியைப் பற்றிப் பேசிவந்திருக்கின்றன. முதலில் தூய்மை பெறும் வழி, அடுத்து ஒளி பெறும் வழி, கடைசியில் கடவுளோடு ஒன்றிக்கும் வழி. இந்த வரிசையை எழுதியவர்கள் ஆழம் கண்டவர்கள். ஒரு படியை ஏறிவிட்டால் அதை மறந்துவிடலாம் என்று அவர்கள் சொல்லவில்லை. ஆனால் வாசிப்பவர் மனதில் அப்படித்தான் பதிகிறது: முதலில் சுத்தமாகு, பிறகு உன்னைக் கொடு. எத்தனையோ பேர் இதனாலேயே வாசலில் நின்றுவிடுகிறார்கள், இன்னும் தகுதி வரவில்லை என்று. வேறு சிலர், கொடுத்தாயிற்று, இனிக் கழுவ எதுவுமில்லை என்று உள்ளே உட்கார்ந்துவிடுகிறார்கள். இந்த இரண்டாவது நிலைதான் அதிக ஆபத்தானது. தியாகம் செய்தவருக்குத் தன் தியாகமே கவசமாகிவிடும். அதன் மறைவில் கோபமும் அகந்தையும் சொகுசாகக் குடியிருக்கும்.

தமியான் அந்தக் கவசத்தை அணிய மறுத்தார். அவர் வாழ்க்கையில் நோயாளிகளுக்குச் செய்த பணிக்கு அடுத்தபடியாக மனதை உலுக்குவது இதுதான்.

பெல்ஜியத்தின் திரெமெலோ ஊரில் 1840 ஜனவரி 3 அன்று பிறந்தவர் அவர். இயற்பெயர் யோசேப் தெ வூஸ்தர். ஹவாய்க்குப் போக வேண்டியவர் உண்மையில் அவருடைய அண்ணன் பாம்ஃபீல். அவர் நோய்வாய்ப்படவே தம்பி அந்த இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதற்கு முன், 1860 அக்டோபர் 7 அன்று பாரிஸில் வார்த்தைப்பாடு கொடுத்திருந்தார். அந்தச் சடங்கில், வார்த்தைப்பாடு கொடுப்பவர் பீடத்தின் முன் படுத்திருக்க, சவப்பெட்டியின் மேல் போர்த்தும் துணியை அவர்மேல் விரிப்பார்கள். உலகத்துக்கு நீ செத்துவிட்டாய் என்று பொருள். 20 வயது இளைஞன் அந்தத் துணிக்கு அடியில் கிடந்து என்ன நினைத்திருப்பான்? 13 ஆண்டுகள் கழித்து, மொலோக்காய்க்கு வந்த காரணத்தைத் தலைமைக்கு எழுதும்போது, அந்தத் துணியைத்தான் நினைவுகூர்ந்தார். பாரிஸில் அடையாளமாக நடந்தது இங்கே நிஜமாகட்டும் என்றே வந்தேன் என்பது அவர் கடிதத்தின் சாரம்.

மொலோக்காயின் வடகரையில் கடலுக்குள் நீண்டிருக்கும் ஒரு தீபகற்பம். மூன்று பக்கம் கடல், நான்காவது பக்கம் செங்குத்தான மலைச்சுவர். தப்பிக்க வழியில்லாத அந்த நிலத்துக்குத் தொழுநோயாளிகளை அனுப்பும் சட்டத்தை ஹவாய் முடியரசு 1865இல் இயற்றியது. 1866 ஜனவரியில் முதல் 12 பேர் கலாவாவோ என்ற இடத்தில் இறக்கப்பட்டார்கள். அந்தச் சட்டம் முடிவுக்கு வந்த 1969 வரை ஏறத்தாழ 8,000 பேர் அங்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஹவாய்ப் பூர்வகுடிகள். குழந்தையைத் தாயிடமிருந்தும் கணவனை மனைவியிடமிருந்தும் பிரித்துக் கப்பல் ஏற்றினார்கள்.

1873 மே மாதம் ஆயர் மெக்ரே, யாரையும் அங்கே போகச் சொல்லிக் கட்டளையிட மாட்டேன் என்றார். நான்கு இளம் குருக்கள் தாமாக முன்வந்தார்கள். முறை வைத்துக்கொண்டு போய்வருவதாக ஏற்பாடு. முதல் முறை தமியானுக்கு. மே 10 அன்று இறங்கினார். தங்க வீடு இல்லை; கோவிலுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு தாழை மரத்தடியில் படுத்துக்கொண்டார். மற்றவர்களின் முறை வரவேயில்லை. 1889 ஏப்ரல் 15 அன்று 49ஆம் வயதில் இறக்கும்வரை அவரே இருந்தார். இறந்ததும் அந்த மரத்தடியில்தான் புதைத்தார்கள்.

தொட வேண்டாம் என்பது அவருக்குச் சொல்லப்பட்ட அறிவுரை. தொடாமல் நற்கருணை வழங்க முடியுமா, சாகிறவர் நெற்றியில் எண்ணெய் பூச முடியுமா? முதலில் அவரும் திணறினார். குடிசைகளில் புண்களின் வீச்சம் தாங்காமல் வெளியே ஓடி வந்து மூச்சு வாங்கியதாக அவரே எழுதியிருக்கிறார். வீச்சத்தை மறைக்கப் புகைக்குழாய் பிடிக்கப் பழகினார். பிறகு அந்தக் குழாயை நோயாளிகளோடு மாற்றி மாற்றிப் புகைக்கும் அளவுக்குப் போனது. ஒரே பாத்திரத்தில் கைவிட்டு அவர்களோடு ‘போய்’ என்னும் ஹவாய்க் கூழை உண்டார். புண்ணுக்குக் கட்டுப் போட்டார், குழாய் பதித்துத் தண்ணீர் கொண்டுவந்தார், சவப்பெட்டி அடித்தார், குழி வெட்டினார். பிரசங்கத்தில் “தொழுநோயாளிகளான நாம்” என்று பேசத் தொடங்கியது அவருக்கு நோய் வருவதற்கு வெகு முன்பே. 1884 டிசம்பரில் ஒருநாள் கொதிக்கும் வெந்நீரில் பாதத்தை வைத்தார்; தோல் வெந்தது, வலி தெரியவில்லை. அந்தச் சொல் அன்று அவர் உடம்பிலும் நிஜமாயிற்று.

தீட்டு என்ன செய்யும் என்று நம் ஊரில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தொட்டால் ஒட்டும், ஆகவே விலகு. விவிலியத்தின் லேவியர் நூலும் 13ஆம் அதிகாரத்தில் இதையே சட்டமாக வைக்கிறது. தோல் நோய் கண்டவர் கிழிந்த உடை உடுத்த வேண்டும், தீட்டு, தீட்டு என்று தானே கூவ வேண்டும், பாளையத்துக்கு வெளியே தனியாக வாழ வேண்டும். (அங்கே சொல்லப்படும் நோயும் இன்று நாம் தொழுநோய் என்று அறிவதும் ஒன்றல்ல என்பதே பெரும்பாலான அறிஞர் கருத்து. ஆனால் சட்டத்தின் சுமை என்னவோ தொழுநோயாளிகள் தலையில்தான் காலங்காலமாக விழுந்தது.)

மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் இந்தச் சட்டத்தின் திசை மாறுகிறது. நோயாளி ஒருவர் இயேசுவின் முன் முழந்தாளிட்டு, நீர் விரும்பினால் என்னைத் தூய்மையாக்க முடியும் என்கிறார். இயேசு கையை நீட்டி அவரைத் தொடுகிறார். ஒரு சொல்லே போதுமாயிருந்த இடத்தில் தொடுகிறார். தீட்டு இவருக்கு ஒட்டவில்லை. இவருடைய தூய்மை அவருக்கு ஒட்டிக்கொள்கிறது. அந்த நிகழ்ச்சியின் முடிவை வேகமாக வாசிப்பவர்கள் தவறவிட்டுவிடுவார்கள்: நலம் பெற்றவர் ஊருக்குள் போய்ச் செய்தி பரப்புகிறார், இயேசுவோ அதன் பிறகு ஊருக்குள் வெளிப்படையாக நுழைய முடியாமல் வெளியே தனிமையான இடங்களில் தங்குகிறார். இருவரும் இடம் மாறிக்கொள்கிறார்கள். அசிசி நகர் பிரான்சிஸ் தன் மரண சாசனத்தைத் தொழுநோயாளிகள் நடுவே போன நினைவோடு தொடங்கியதற்கும் இதே நற்செய்தி ஊற்று. அதுவரை கசப்பாக இருந்தது அங்கே தனக்கு இனிப்பாக மாறியது என்கிறார் அவர்.

அப்படியானால் கிறிஸ்தவத்தில் தூய்மை என்பது ஒதுங்கிக் காப்பாற்றிக்கொள்ளும் சொத்தாக இருக்க முடியாது. யாரைத் தொடுகிறோம் என்பதில்தான் அது உருவாகிறது. இதை அழகாகச் சொல்லிவிடலாம். கலாவாவோவில் அது அழகாக நடக்கவில்லை. தமியான் முன்கோபி, பிடிவாதக்காரர். உதவிக்கு வந்த குருக்களோடு ஒத்துப்போக அவரால் முடியவில்லை. ஹொனலூலுவில் இருந்த மேலிடத்தார் அவரைத் தொல்லையாகவே பார்த்தார்கள். அவருக்கு நோய் வந்ததும், ஒழுக்கக் கேட்டால் வந்தது என்று வதந்தி கிளம்பியது. அவர் இறந்த பின் ஹொனலூலுவின் புராட்டஸ்டன்ட் போதகர் ஹைட் அந்த வதந்தியையே ஒரு கடிதத்தில் எழுத, அது அச்சேறியது.

அதற்கு மறுப்பு வந்த இடம் எதிர்பாராதது. எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் கத்தோலிக்கர் அல்ல. பிரஸ்பிட்டேரியன் குடும்பத்தில் பிறந்தவர். தமியான் இறந்த அடுத்த மாதம் அந்தத் தீவுக்குப் போய் ஒரு வாரம் தங்கி, தமியானை அறிந்தவர்களிடம் விசாரித்தவர். 1890 பிப்ரவரியில் சிட்னியிலிருந்து ஹைடுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அதில் தமியானின் குறைகளை அவர் மறைக்கவில்லை. முரட்டு மனிதர், சுத்தம் பத்தாதவர், தலைக்கனம் கொண்டவர் என்பதெல்லாம் இருக்கட்டும், அவர் போன இடத்துக்கு நீர் போனீரா என்பதே ஸ்டீவன்சனின் வாதம். புனிதர்களைப் பளிங்குச் சிலையாக்கும் ஆயிரம் பக்கங்களைவிட அந்தக் கடிதம் தமியானுக்கு அதிக நன்மை செய்தது. ஏனென்றால் படகில் நின்று கத்தியவருக்குச் சொல்ல உண்மையிலேயே பாவங்கள் இருந்தன.

தமியானின் கடைசி மூன்று ஆண்டுகளில் உடனிருந்தவர் ஜோசப் டட்டன். அவர் கதை நேர் எதிர்த் திசையிலிருந்து வருகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கின் படையில் இருந்தவர். மணவாழ்க்கை முறிந்து, பத்தாண்டுகள் போல மதுவில் கழித்தவர். 1883இல் தன் 40ஆம் பிறந்தநாளில் கத்தோலிக்கரானார். கென்டக்கியின் கெத்செமனி மடத்தில் ஏறத்தாழ 20 மாதங்கள் இருந்து பார்த்தார். மௌனமும் மடமும் தனக்கான வழி அல்ல என்று உணர்ந்தார். 1886 ஜூலையில் மொலோக்காயில் வந்து இறங்கினார். எதற்காக வந்தார் என்பதில் ஒளிவுமறைவு இல்லை: பழைய வாழ்க்கைக்குப் பரிகாரம் செய்ய. குருப்பட்டம் இல்லை, துறவற வார்த்தைப்பாடு இல்லை. 40 ஆண்டுகளுக்கு மேல் அங்கே புண் கழுவினார், ஆதரவற்ற சிறுவர்களுக்கான பால்ட்வின் இல்லத்தை நடத்தினார். 1908இல் அமெரிக்கக் கடற்படையின் 16 போர்க்கப்பல்கள் அவரைக் கௌரவிக்கவென்று வழியை மாற்றித் தீவை ஒட்டிச் சென்றன. 1931இல் தன் 87ஆம் வயதில் இறந்தார். தொழுநோய் அவரைத் தொடவேயில்லை.

இங்கே நேர்மையாக ஒன்றைக் கேட்டாக வேண்டும். தன் பாவத்தைக் கழுவ இன்னொருவர் புண்ணைத் தேடிப் போவது நியாயமா? நோயாளி அங்கே இருப்பது என் ஆன்மாவைத் துலக்குவதற்கா? சேவை நிறுவனங்கள் நடத்தும் கிறிஸ்தவர்கள் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது, தப்பவும் கூடாது. டட்டன் பரிகாரத்துக்காக வந்தார் என்பது உண்மை. ஆனால் பரிகாரத்துக்கு ஒரு கணக்கு உண்டு, என்றாவது அது தீர்ந்துவிடும். 40 ஆண்டுகள் யாரும் கடன் அடைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். எங்கோ ஒரு கட்டத்தில் அந்தச் சிறுவர்கள் அவருக்குத் தன் வாழ்க்கையாகவே ஆகியிருக்க வேண்டும். தூய்மையாக்கம் நடந்தது அங்கேதான் என்று நம்பத் தோன்றுகிறது; எதற்காக வந்தோம் என்பதை அந்த இடத்து மனிதர்கள் மெல்ல மறக்கடித்ததில்.

அருட்சகோதரி மரியான் கோப் என்பவரை விட்டுவிட்டால் இந்தக் கதை ஒருபக்கமாகிவிடும். தொடுவதே தூய்மை என்றால் சோப்புக்கு வேலை இல்லையா? நியூயார்க் மாநிலத்தின் சிராக்கியூஸிலிருந்து 1883இல் ஆறு சகோதரிகளோடு ஹவாய் வந்தவர் அவர். மருத்துவமனை நிர்வாகத்தில் தேர்ந்தவர். சகோதரிகளில் ஒருவருக்கும் இந்த நோய் வராது என்று உறுதி சொன்னார். கை கழுவுவதிலும் துணிகளைத் தூய்மையாக்குவதிலும் கண்டிப்பாக இருந்தார். 1888 நவம்பரில் மொலோக்காய்க்கே வந்து, 1918இல் இறக்கும்வரை அங்கேயே பணி செய்தார். சொன்னபடியே ஒருவருக்கும் வரவில்லை. திருச்சபை தமியானுக்கு 2009இலும் மரியானுக்கு 2012இலும் புனிதர் பட்டம் வழங்கியது. ஒரே பாத்திரத்தில் உண்டவரும் புனிதர், கையை ஓயாமல் கழுவியவரும் புனிதர். உடலின் சுத்தத்தையும் ஆன்மாவின் தூய்மையையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாத தெளிவு மரியானிடம் இருந்தது. தமியானிடம் அது குறைவு என்று சொல்வதில் தவறில்லை. தமியான் மொலோக்காய்க்குப் போன அதே 1873இல்தான் நோர்வேயில் ஹான்சன் இந்த நோயின் கிருமியைக் கண்டறிந்தார். அது எளிதில் தொற்றாது என்பதும், மருந்தில் முழுமையாகக் குணமாகும் என்பதும் இன்று பள்ளிப் பாடம்.

இன்னொரு மனிதர். ஜொனத்தானா நாபேலா, ஹவாய்ப் பூர்வகுடி, மோர்மன் சபையின் மூப்பர். 1873இல் அவர் மனைவி கிட்டி தொழுநோயோடு மொலோக்காய்க்கு அனுப்பப்பட்டார். நாபேலாவுக்கு நோய் இல்லை. மனைவியைத் தனியே விட மனமில்லாமல் கூடவே போனார். தமியானும் அவரும் வேறு வேறு சபையினர், ஆனாலும் நண்பர்கள். பின்னர் நாபேலாவையும் நோய் பற்றியது; 1879இல் இறந்தார். இப்படிக் கணவனோடும் மனைவியோடும் பிள்ளையோடும் போய்த் தங்கியவர்களை ஹவாய் மக்கள் ‘கோகுவா’ என்று அழைத்தார்கள். அவர்களில் எத்தனையோ பேருக்குக் கல்லறையில் பெயர்கூட இல்லை. அவர்கள் யாரும் பீடத்தின் முன் சவத்துணிக்கு அடியில் படுத்ததில்லை, பரிகாரம் தேடியும் வரவில்லை. தூய்மையைப் பற்றியும் அர்ப்பணத்தைப் பற்றியும் எழுதுகிற இறையியலாளர்கள் தமியானிடம் வந்து நின்றுவிடாமல், நாபேலாவுக்கும் கிட்டிக்கும் தங்கள் நூல்களில் ஓர் அதிகாரம் ஒதுக்க வேண்டும்.