நீர் வற்றும், உப்பு வற்றாது

(பொதுக்காலம் ஐந்தாம் ஞாயிறு, முதல் ஆண்டு. நற்செய்தி: மத்தேயு 5:13-16. இடம்: புக்கிட் பெலிம்பிங், சிலாங்கூர், மலேசியா)



ஆண்டவர் தம் சீடர்களை உப்பு என்று அழைத்ததை இன்று கேட்டோம். இந்தப் பகுதி வந்தாலே மறையுரை சமையலறைக்குள் நுழைந்துவிடும். இன்று கடலின் உப்பைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அதற்குக் காரணம் நம் இளையோர். மறைக்கல்வி அறையில் ஒரு கடல்நீர் மீன்தொட்டி வைக்கப் போகிறார்கள். கோமாளி மீன் ஒரு ஜோடி, கொஞ்சம் பாறைக்கல், வெள்ளை மணல். பிள்ளைகள் அதைப் பார்த்து இறைவனின் படைப்பைப் படிக்கட்டும் என்கிறார்கள். நல்ல ஆசை. ஆசீர் கேட்டார்கள், மகிழ்ச்சியோடு தருவேன். ஆனால் அந்தத் தொட்டியை வளர்க்கும் முறையைக் கேட்கக் கேட்க, அது பிள்ளைகளை விடப் பெரியவர்களாகிய நமக்குத்தான் அதிகம் சொல்கிறது என்று பட்டது.

புக்கிட் பெலிம்பிங்கிலிருந்து கடல் எட்டும் தூரம்தானே, பாசிர் பெனம்பாங்கில் இரண்டு டிரம் மொண்டு வந்தால் போதாதா என்று ஒருவர் கேட்டார். போதாது. நம் கரை சேற்றுக் கரை, சுங்கை சிலாங்கூர் ஆறு வந்து கலக்கும் இடம். அடைமழைக்கு மறுநாள் அங்கே ஓர் உப்பு, வெயில் காய்ந்த வாரத்தில் வேறோர் உப்பு. நம் கெராங்குச் சிப்பிக்கும் இறாலுக்கும் அது பழகிப்போனது. பவளப்பாறை மீனுக்குப் பழக்கமில்லை. அது வாழும் தெளிந்த கடலில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு, பெரிய ஏற்ற இறக்கமில்லாமல் நிற்கும். ஆகவே வளர்ப்பு மீன் கடையில் விற்கும் கடல் உப்புக் கலவையை வாங்கி, குளோரின் நீக்கிய தண்ணீரிலோ ஆர்.ஓ. தண்ணீரிலோ கரைக்க வேண்டும். 100 லிட்டருக்கு மூன்றரைக் கிலோ. கறிக்குப் போடும் உப்பு உதவாது. கடல் உப்பில் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் சேர்ந்திருக்கின்றன, அவையில்லாமல் பவள உயிர்கள் வளரா.

கரைத்தவுடன் மீனை விடலாமா? இந்த இடத்தில்தான் பிள்ளைகளின் முகம் வாடும். கல்லும் மணலும் நீருமாக, மீனே இல்லாமல், தொட்டி நான்கிலிருந்து ஆறு வாரம் ஓட வேண்டும். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகும். அது மீனுக்கு நஞ்சு. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சுதான். இன்னொரு வகை வந்து அதை நைட்ரேட்டாக மாற்றிய பிறகே மீன் தாங்கும். கல்லின் நுண்துளைகளில் இந்த உயிர்கள் குடியேறிப் பெருக நாளாகும். அவற்றுக்கு முதல் உணவாக ஓர் இறால் துண்டைப் போட்டு அழுக விடுவார்கள். சோதனைக் குப்பியில் அம்மோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்யத்துக்கு வந்தால்தான் முதல் மீன். அதுவரை தொட்டி பளிங்காகத் தெரியும், அவசரப்பட்டு மீனை விட்டால் செவுள் அடித்துக்கொண்டு மேலே வந்து மூச்சுக்குத் தவிக்கும். இளையோருக்கு நான் சொன்னது இதுதான்: சாம்பல் புதன் அன்று கல்லை வையுங்கள், உயிர்ப்பு ஞாயிறுக்கு மீன் வரட்டும். தவக்காலம் முழுவதும் வெறும் கல்லையும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டிருப்பது பிள்ளைகளுக்கு நல்ல பயிற்சி.

மீன் வாங்கும்போது ஒன்று கேளுங்கள்: இது கடலில் பிடித்ததா, பண்ணையில் பொரித்ததா? பிலிப்பைன்ஸ், இந்தோனேசியக் கடல்களில் சயனைடு தெளித்து மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் இருந்தது, இன்னும் முற்றாக ஒழியவில்லை. அந்த நஞ்சில் பவளமும் சாகும். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய திருமடலில் பவளப்பாறைகளின் அழிவையும் சேர்த்துத்தான் துயரப்பட்டார். கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்க முடியும். நம் பாட்டன்மார் புறப்பட்டு வந்த தமிழ்நாட்டில், மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் ஆய்வாளர்கள் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். பண்ணை மீன் சில வெள்ளி கூடுதலானாலும் அதையே வாங்குங்கள்.

இனி உப்புக்கு வருகிறேன். நம் ஊர் வெக்கை உங்களுக்குத் தெரியும். மத்தியானம் அறைக்குள் 32 டிகிரி. இந்த மீனுக்கு 25 முதல் 28 வரைதான் சுகம். குளிரூட்டும் இயந்திரத்துக்கு நம்மிடம் காசில்லை, ஆகவே நீர்ப்பரப்பின் மேல் ஒரு சின்னக் காற்றாடியைத் திருப்பி வைப்பார்கள். நீர் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோகும், இரண்டு மூன்று டிகிரி இறங்கும். கூடவே தண்ணீரும் வேகமாக வற்றும். வற்றுவது தண்ணீர் மட்டும்தான். உப்பு ஒரு கிராம்கூட வெளியே போகாது. 100 லிட்டரில் 10 லிட்டர் வற்றினால், 35 கிராமாக இருந்த உப்பு 39-ஐ நெருங்கிவிடும்.

மட்டம் இறங்கியதைப் பார்த்ததும் புதிதாக வளர்ப்பவரின் கை நேரே உப்புப் பைக்குப் போகும். கடல்நீர்த் தொட்டியாயிற்றே, கடல்நீரைத்தானே ஊற்ற வேண்டும் என்று உப்பைக் கரைத்து ஊற்றுவார். மட்டம் சரியாகிவிடும். பார்க்கிறவருக்கு ஒரு குறையும் தெரியாது. உள்ளே உப்பு 38-க்கு மேல் நிற்கும், அடுத்த முறை இன்னும் ஏறும். மீன் தீனியை மறுக்கும், பவளம் சுருங்கும், ஒரு நாள் காலையில் ஏதோ ஒன்று செத்துக் கிடக்கும். ஊற்றியிருக்க வேண்டியது உப்பே சேராத நல்ல தண்ணீர். விவரம் தெரிந்தவர்கள் கண்ணாடியின் வெளியே நீர்மட்டத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி வைத்து, தினமும் காலையில் அந்தக் கோடு வரை நல்ல தண்ணீர் விடுவார்கள். உப்பை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் என்று கைக்கடக்கமான ஒரு கருவி உண்டு. கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, மூடியைச் சாய்த்து, ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் மேலே நீலமும் கீழே வெள்ளையும் பிரியும் ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு 35-இல் நிற்க வேண்டும்.

அன்பானவர்களே, நம் வட்டாரத்திலும் நீர் வற்றியது. தோட்டங்களில் ரப்பர்ப் பால்மரத்தை வெட்டினார்கள், செம்பனை வந்தது, ஆள் வேலை குறைந்தது. லயங்கள் காலியாயின. பிள்ளைகள் கிள்ளானுக்கும் ஷா ஆலமுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். ஒரே குடும்பம் இரண்டு பெஞ்சை நிறைத்த காலத்தை உங்களில் பலர் பார்த்திருக்கிறீர்கள். மிஞ்சியிருக்கிற நம்மிடம் விசுவாசம் குறையவில்லை, அதற்கு நான் சாட்சி. ஜெபமாலை தவறுவதில்லை, ஒருசந்தி தவறுவதில்லை. உப்பு அப்படியே இருக்கிறது. ஆனால் குறைந்த நீரில் அதே உப்பு நின்றால் என்ன ஆகும் என்று இப்போது பார்த்தோம். கிறிஸ்துமஸுக்கு மட்டும் வருகிற பேரனிடம் வாசலிலேயே கேட்கிறோம், ஏன்டா பூசைக்கு வர்றதில்ல என்று. வேறு சமயத்தில் வாழ்க்கைப்பட்ட மகளின் பெயரைக் குடும்ப ஜெபத்தில்கூட எடுப்பதில்லை. பாடகர் குழுவில் ஒரு பிள்ளை சுருதி தவறினால் அடுத்த வாரம் அவள் வராத அளவுக்குப் பேசுகிறோம். ஆள் குறைகிறதே என்ற கவலையில்தான் இத்தனையும் செய்கிறோம். கவலை நியாயமானது. ஆனால் மட்டம் இறங்குவதைக் கண்டு நம் கையும் உப்புப் பைக்குத்தான் போகிறது: இன்னும் கண்டிப்பு, இன்னும் சட்டம், இன்னும் ஒரு அதட்டல்.

இன்றைய முதல் வாசகத்தில் எசாயா கேட்பது மிக எளிய காரியங்கள். பசித்தவனுக்கு உன் சோற்றில் பங்கு, இருக்க இடமில்லாதவனுக்கு உன் வீட்டில் இடம், ஆடையில்லாதவனுக்கு ஆடை. கடைசியில், உன் சொந்த இரத்தத்துக்கு முகத்தை மறைக்காதே என்கிறார். நாம் ஊற்ற வேண்டிய நல்ல தண்ணீர் இதுதான் என்று நான் நம்புகிறேன்.

அப்படியானால் உப்பே வேண்டாமா பாதர் என்று கேட்பீர்கள். வேண்டும். இந்த மீனை வெறும் நல்ல தண்ணீரில் விட்டாலும் பிழைக்காது. எசேக்கியேல் 47-ஆம் அதிகாரத்தை வீட்டில் எடுத்துப் படியுங்கள். ஆலயத்திலிருந்து ஓர் ஆறு புறப்பட்டுச் சாக்கடலில் இறங்குகிறது. செத்துக் கிடந்த அந்தக் கடல் நலம் பெறுகிறது, மீன் பெருகுகிறது, ஏன்கேதி கரையில் வலை உலர்த்துகிறார்கள். அதே காட்சியில் சதுப்பு நிலங்களை மட்டும் உப்புக்கென்று ஆண்டவர் விட்டுவைக்கிறார். உப்பு அழியவில்லை, நல்ல தண்ணீர் வந்து சேர்ந்தது, அதனால் உயிர் வந்தது.

நம் ஆறும் இதைத்தான் காட்டுகிறது. கம்போங் குவாந்தானில் மின்மினிகள் தங்கும் பெரெம்பாங் மரம், கடல் ஏற்றமும் ஆற்று நீரும் கலக்கிற, உப்புக் குறைந்த பகுதியில்தான் செழிக்கும். மின்மினியின் புழு அந்த ஈரக்கரையில் நத்தையைத் தின்று வளரும். கோல குபு பாரு பக்கம் அணை கட்டப்போகிறார்கள் என்றபோது, மேலிருந்து இறங்கும் நல்ல நீர் குறைந்தால் உப்பு ஆற்றுக்குள் ஏறிவிடுமே, மின்மினி என்னாகும் என்ற கேள்வி எழுந்தது. கேட்டவர்களுக்கு அந்த மரமும் கரையும் தெரிந்திருந்தன.

நாள்தோறும் நீர் ஊற்றும் வேலை எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு பழைய நிகழ்ச்சி உண்டு. 1846-இல் இங்கிலாந்தில் ஆனா தின் என்ற பெண்மணி டார்க்கீ கடற்கரையில் எடுத்த பவள உயிர்களை லண்டனுக்குக் கொண்டுவந்தார். கணவர் ஆங்கிலிக்கன் குரு. தினமும் புதுக் கடல்நீருக்கு வழியில்லை. ஆகவே இருந்த நீரையே திறந்த ஜன்னலருகே பாத்திரத்துக்குப் பாத்திரம் மாற்றி மாற்றி ஊற்றிக் காற்றேற்ற வேண்டியிருந்தது, ஒவ்வொரு முறையும் அரை மணிக்குக் குறையாமல். அதைச் செய்தது அந்த வீட்டில் வேலை பார்த்த ஒரு சின்னப் பெண். அவள் கை ஓயாமல் ஊற்றியதால்தான் அந்தப் பவளங்கள் பிழைத்தன. தொட்டியில் பவளம் வளர்த்த வரலாற்றில் ஆனாவின் பெயர் முன்வரிசையில் இருக்கிறது. அந்தச் சிறுமிக்காக இன்று இந்தப் பீடத்தில் ஒரு நிமிடம் நன்றி சொல்ல எனக்கு ஆசை. லயத்துப் பொதுக் குழாயில் வரிசை நின்று தண்ணீர் தூக்கிய நம் பாட்டிமாருக்கு அவள் வேலையின் பாரம் புரியும்.

இளையோரே, ஞாயிறு மட்டும் வருகிறவர்களால் நம் தொட்டியும் பிழைக்காது. நாளுக்கு ஒருவர் என்று கிழமை பிரித்துக்கொள்ளுங்கள். மீன் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுக்கு மேல் தீனி போடாதீர்கள். இடி மழையில் மின்சாரம் போனால் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கையருகே இருக்கட்டும்.

அன்பியப் பொறுப்பாளர்களே, உங்களுக்கும் ஒரு வேலை. தவக்காலம் தொடங்குமுன், உங்கள் பகுதியில் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்ட ஒரு வீட்டுக்காவது போய் வாருங்கள். பூசைப் பேச்சை நீங்களாக எடுக்க வேண்டாம். என்ன சமையல் என்று கேளுங்கள், கொடுத்தால் உட்கார்ந்து சாப்பிடுங்கள். பிள்ளைகள் எத்தனை பேர், எங்கே வேலை என்று விசாரியுங்கள். உயிர்ப்பு ஞாயிறு அன்று மண்டபத்தில் சாப்பாடு இருக்கிறது, குடும்பத்தோடு வாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, எத்தனை பேருக்கு என்று சமையல் குழுவிடம் பெயர் கொடுத்துவிடுங்கள்.