காணாமையும் ஒரு பிரமாணமா?

இல்லாத ஒன்றை இல்லை என்று நாம் எவ்வாறு அறிகிறோம் என ஆராய்ந்து, அநுபலப்தி, அதாவது காணாமை, தனியொரு பிரமாணமே என்று நிலைநாட்டிய குமாரில பட்டர் வழி மீமாம்சகர்கள், அதற்கு நுட்பமான நிபந்தனை ஒன்றையும் விதித்தார்கள். இருந்திருந்தால் கண்ணில் பட்டே தீரும் என்ற யோக்கியதை உடைய பொருளைக் காணாதபோதுதான் அது இல்லை என்று துணியலாம். வெளிச்சமான தரையில் குடம் தென்படாவிட்டால் குடம் இல்லை. இருட்டறையில் தென்படாவிட்டால் எதுவும் நிரூபணமாகாது.

செய்தியின் ஒவ்வொரு பிட்டோடும் சாவியிலிருந்து பெருகும் பிட்டு ஒன்றைச் சேர்த்து மறைக்கும் ஸ்ட்ரீம் சைஃபர் முறைகளின் சரித்திரத்தில் இந்த நிபந்தனையின் அருமை விளங்குகிறது. செய்தியளவே நீண்ட, தற்செயலான, ஒரே முறை பயன்படும் சாவியைப் பேதிக்க இயலாது என்பதை கிளாட் ஷானன் 1949-இல் நிரூபித்தார். சிறிய சாவியை நெடுந்தொடராக வளர்க்கும் நடைமுறை முறைகளுக்கோ அந்தப் பாக்கியம் இல்லை. குறை காணப்படவில்லை என்பதே அவற்றின் ஆதாரம்.

ரிவெஸ்ட் என்ற குறியாக்க அறிஞர் 1987-இல் வகுத்த ஆர்.சி.4 என்ற ஸ்ட்ரீம் சைஃபர், 1994-இல் வெளியாகும்வரை வர்த்தக ரகசியமாகவே இருந்தது. அதன் வெளியீட்டில் இரண்டாவது பைட், 256-க்கு ஒரு தடவை பூஜ்யமாக வரவேண்டியிருக்க, 128-க்கு ஒரு தடவை வருகிறது என்று மாண்டின், ஷமீர் என்ற ஆய்வாளர்கள் 2001-இல் காட்டினார்கள். ஒரே செய்தியைப் பல சாவிகளால் மறைத்து அனுப்பினால், அந்த இடத்தில் மிகுதியாக வரும் மதிப்பே மூலச் செய்தியின் பைட்! பிறவியிலேயே இருந்த இந்தக் குறை ரகசியத்தின் இருட்டில் தென்படாதிருந்தது பிரமாணமாகுமா?

டிரிவியம் என்ற மற்றொரு ஸ்ட்ரீம் சைஃபர், வெளியீட்டுக்கு முன் 1152 சுற்றுகள் தன் நிலையைக் கலக்குகிறது. சுற்றுகளைக் குறைத்து அதைத் தாக்கிப் பார்ப்பதை வித்தியா விநோதம் என்று சிலர் கருதுவதை நான் ஏற்கவில்லை. வெளிப்படையான தொடக்க மதிப்பின் சில பிட்டுகளை எல்லா வகையிலும் மாற்றி வெளியீடுகளைக் கூட்ட, சிக்கலான உறுப்புகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, சாவியைப் பற்றிய எளிய சமன்பாடு எஞ்சுகிறது. இந்தக் கனசதுரத் தாக்குதலால் தினுர் என்ற ஆய்வாளரும் ஷமீரும் 767 சுற்றுகள் வரை சாவியை மீட்டார்கள். இருக்கும் குறையைக் காணும் கண் அந்தத் தாக்குதலுக்கு உண்டு என்பது அங்கே ஸ்தாபிதமாவதால்தான், முழுச் சுற்றுகளில் அது எதையும் காணாததற்கு மதிப்புப் பிறக்கிறது. யோக்கியதை என்பது இதுவே.

எனினும் இன்னும் எவர் மனத்திலும் தோன்றாத தாக்குதல் முறைக்கு யோக்கியதையை எங்ஙனம் நிச்சயிப்பது? மீமாம்சகரின் நிபந்தனை அங்கே நம்மைக் கைவிடுகிறது. மனிதர் தம் அந்தரங்கங்களை ஒப்படைப்பதோ அந்த எல்லைக்கு அப்பாலும்தான்.